கடல் என்னும் சுமைதாங்கி

மன்னார்த் தீவிலே பேசாலையிலிருந்து தலைமன்னார் வரையில் வீதியோரமாகச் செல்பவர்கள் ஒரு காட்சியைக் கவனித்திருக்கலாம். வீடு சிறிதாயினும் பெரிதாயினும் அதன் கூரைமேல் ஒரு வட்டக் கிண்ணம் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும். லண்டன் மாநகரத்திலே இதே கிண்ணங்கள் அடிவானத்தை நோக்கித் தாழ்ந்திருக்கும். நாமோ பூமியின் மத்திய ரேகைக்கு ஒன்பது பாகை வடக்கே மட்டும் குடியிருப்பவர்கள். ஆகவே நம் கிண்ணங்கள் தேடும் பொருள் நம் தலைக்கு மேலே, சற்றே விலகி நிற்கின்றது. அப்பொருள்தான் செய்தித் தொடர்புச் செயற்கைக்கோள்.

அக்கோள் நிற்கவேண்டிய இடத்தைச் செய்தித் தொடர்பின் பொருட்டுக் கணக்கிட்டு உலகுக்கு எடுத்துரைத்த மனிதர் நம் இலங்கையிலே 52 ஆண்டுகள் வாழ்ந்து, இம்மண்ணிலேயே அடங்கினார். அவர்தாம் ஆர்தர் சி. கிளார்க். அவ்வாழ்நாளிற் பெரும்பகுதியை அவர் நோயுற்ற உடலோடும், இறுதி இருபது ஆண்டுகளைப் பெரும்பாலும் சக்கர நாற்காலியிலும் கழித்தார் என்பதைப் பலர் அறியார். அறிந்தோரும் 'மனவலிமையால் வென்றார்' என்று ஒரு வாக்கியத்தில் புகழ்ந்துவிட்டு அப்பாற் போய்விடுகிறார்கள். மன்னாரிலே நெடுங்காலம் விஞ்ஞானம் கற்பித்த எனக்கு அந்த ஒரு வாக்கியம் போதவில்லை. அதனாலேயே இதை எழுதுகிறேன்.

வானத்தில் ஒரு நிலையம்

கிளார்க் 1917ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் இங்கிலாந்தின் சமர்செற் பகுதியிலுள்ள மைன்ஹெட் என்னும் கடலோர ஊரிற் பிறந்தார். இரண்டாம் உலகப் போரின்போது விமானப்படையிற் சேர்ந்து, மூடுபனியிலும் விமானங்களைப் பத்திரமாகத் தரையிறக்கும் ராடர் கருவியோடு பணிபுரிந்தார். போர் முடிந்த 1945ஆம் ஆண்டு ஒக்டோபரில் 'வயர்லெஸ் வேர்ல்ட்' என்னும் சஞ்சிகையில் அவர் எழுதிய கட்டுரை ஒன்று வெளியாயிற்று. அப்பொழுது அவருக்கு வயது 27. பட்டம்கூடப் பெற்றிருக்கவில்லை. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் பௌதிகமும் கணிதமும் பயின்று பட்டம் பெற்றது 1948இலேதான்.

அக்கட்டுரையின் கருத்தை என் மாணவருக்கு நான் இப்படிச் சொல்வது வழக்கம். திருவிழாவிலே குடைராட்டினத்தில் இரு பிள்ளைகள் ஏறியிருக்கிறார்கள். ஒருத்தி நடுக்கம்பத்தின் அருகே, மற்றவள் விளிம்பிலே. ராட்டினம் எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் ஒருத்தியின் கண்ணுக்கு மற்றவள் அசையாமல் எதிரிலேயே இருக்கிறாள். அவ்வாறே மத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு கோளைச் செலுத்தினால், பூமி ஒரு முறை சுழலும் நேரத்தில் அதுவும் ஒரு முறை சுற்றிவரும். கீழிருந்து காண்போருக்கு அது விண்மீன்போல் உதித்து மறையாது. அறைந்த ஆணிபோல் ஓரிடத்திலேயே நிற்கும். இத்தகைய மூன்று நிலையங்களைச் சம தூரத்தில் நிறுத்திவிட்டால் ஏறக்குறைய உலகம் முழுவதற்கும் ஒலியும் ஒளியும் அஞ்சல் செய்யலாம் என்றார் கிளார்க்.

இத்தகைய வீதி ஒன்று உண்டென்பதை அவருக்கு முன்னரே சிலர் எழுதியிருந்தனர். செய்தித் தொடர்புக்கு அது உகந்ததென்பதை விளக்கமாகக் காட்டிய பெருமை கிளார்க்கையே சேரும். அதற்கு அவர் காப்புரிமை எதுவும் பெற்றுக்கொள்ளவில்லை. இன்று அவ்வீதி அவர் பெயராலும் வழங்கப்படுகின்றது.

கோணமலையின் அடியில்

வானத்தை அளந்தவர் கடலுக்கு வந்தது எப்படி? 1954ஆம் ஆண்டு இறுதியில் அவுஸ்திரேலியாவின் பவளப்பாறைகளைக் காணக் கப்பலேறிய கிளார்க், வழியிலே கொழும்பிலிறங்கினார். இத்தீவு அவரைப் பற்றிக்கொண்டது. 1956இல் இங்கேயே குடியேறினார். நண்பர் மைக் வில்சனோடு நம் கடல்களிலெல்லாம் மூழ்கித் திரிந்தார். அவ்வாண்டிலேயே திருகோணமலையிற் சுவாமி மலையின் அடியில் இறங்கி, 1624இல் போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் சிதைந்த தூண்களையும் செதுக்கிய கற்களையும் கடலடியிலே கண்டனர். கேதீச்சரத்தைப் போர்த்துக்கேயருக்குப் பலிகொடுத்த மன்னார் மக்களுக்கு இச்செய்தியின் கனம் புரியும். சம்பந்தர் பாடிய கோயிலின் கற்களை, வான்வெளிக் கதை எழுதுகின்ற ஓர் ஆங்கிலேயர் நீருக்குள்ளே கண்டார் என்பது விசித்திரமல்லவா?

அவரைக் கேட்டால் அதில் விசித்திரம் ஒன்றுமில்லை என்பார். வான்வெளிக்குச் செல்லும் வாய்ப்பு அக்காலத்தில் எவருக்கும் இல்லை. வான்வெளியின் எடையற்ற நிலையைப் பூமியிலேயே அனுபவிக்க இயலுமானால் அது கடலுக்குள்ளேதான் என்பது அவர் கண்ட உண்மை. நீருள் மூழ்கியவனுடைய பாரத்தை நீரே தாங்கிக்கொள்கிறது. மேல் கீழ் என்ற கட்டுப்பாடும் தளர்கிறது. காலில் கல்லைக் கட்டி, மூச்சை அடக்கி, மன்னார்ப் பாரிலே முத்துக்குளித்த நம் முன்னோருக்கும் இது தெரியும். கீழே இறங்குவதற்குத்தான் அவர்களுக்குக் கல் வேண்டியிருந்தது.

கிளார்க் இதை ஆராய்ச்சியாளருடைய ஆவலோடு அறிந்தார். ஆறு ஆண்டுகளின் பின்னர் இதுவே அவருக்கு வாழ்வின் தேவையாயிற்று.

1962

1962ஆம் ஆண்டு இளம்பிள்ளைவாதம் அவரைத் தாக்கியது. நாற்பத்து நான்கு வயதிலே சரீரத்தின் பெரும்பகுதி செயலற்றுப் போயிற்று. மெல்ல மெல்லத் தேறினார். மீண்டும் நடந்தார், மீண்டும் நீரில் மூழ்கினார். ஸ்டான்லி குப்ரிக்கோடு சேர்ந்து அவர் உருவாக்கி, 1968இல் வெளிவந்த '2001: விண்வெளிப் பயணம்' என்னும் திரைப்படமும், அவருடைய பெயர்பெற்ற நாவல்களிற் பலவும் இந்நோய்க்குப் பிற்பட்டவை.

ஆனால் அந்நோய் விட்டுவிட்டுப் போகும் நோயன்று. முதல் தாக்குதலில் தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் பல மாண்டுபோகின்றன. எஞ்சியவை புதிய கிளைகளை விட்டு, மாண்ட அயலாரின் தசைநார்களையும் தாமே ஏற்று நடத்துகின்றன. ஒருவர் பங்கு வேலையை ஒன்பது பேர் பங்காகச் செய்கிற ஏழைக் குடும்பத் தலைமகனைப் போல அவை பல்லாண்டு உழைக்கின்றன. இருபது, முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர் ஓய்ந்து தளர்கின்றன. தேறிவிட்டோம் என்றிருந்தவருக்கு மறுபடியும் கால் சோர்கிறது. கிளார்க்குக்கு இந்நிலை என 1988இல் மருத்துவர்கள் கண்டனர். அதன்பின் பெரும்பாலும் சக்கர நாற்காலியே அவர் துணையாயிற்று.

அப்பொழுதும் மேசைப்பந்தாட்டத்தின் மேசையிற் சாய்ந்து நின்று பந்தடிப்பார். நீருக்கடியிலே தமக்கு ஒரு குறையும் இல்லையென்று சொல்லிக்கொண்டிருப்பார். விளையாட்டாகச் சொன்ன இச்சொல்லை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அதிலே ஒரு தத்துவம் இருக்கிறது.

நம் பழைய வீதிகளிலே சுமைதாங்கி என்றொன்று இருந்தது. இரு கற்களை நாட்டி, அவற்றின்மேல் ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்ணின் நினைவாக அதனை அமைப்பது வழக்கம். தலைச்சுமையோடு வருகிறவன் எவரையும் கூப்பிடாமல் தன் சுமையை அதன்மேல் நகர்த்தி வைத்து இளைப்பாறுவான்; பிறகு தானே எடுத்துக்கொண்டு போவான். அக்கல் அவன் சுமையில் ஒரு நெல்லையும் குறைப்பதில்லை. அவனுடைய தோள்வலிமையைப் புகழ்ந்து பாடுவதுமில்லை. அதன் உயரம் சரியாக இருக்கிறது, அவ்வளவே. கிளார்க்குக்குக் கடல் அத்தகைய சுமைதாங்கியாயிற்று.

அதே ஆண்டில் எழுந்த புயல்

1964ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அமெரிக்கர் 'சின்கொம் 3' என்னும் கோளைச் செலுத்தினர். கிளார்க் சொன்ன வீதியிலே, சொன்னபடியே நிலைத்து நின்ற முதற் கோள் அதுவே. ஒக்டோபரில் தோக்கியோ ஒலிம்பிக் விழாவின் காட்சிகள் அதன் வழியே பசிபிக் சமுத்திரத்தைக் கடந்தன.

அதே ஆண்டு டிசம்பரிலே நிகழ்ந்ததை மன்னாரில் எவரும் மறந்திலர். வங்கக் கடலிலே எழுந்த பெரும்புயல் இலங்கையின் வடபகுதியைக் கடந்து, 22ஆம் நாள் இரவு பாக்கு நீரிணையிற் பாய்ந்தது. தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து வந்த புகைவண்டியைக் கடல் விழுங்கியது. அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோரில் உயிர் தப்பியவர் இலர். 1914 முதல் தலைமன்னாரையும் தனுஷ்கோடியையும் இணைத்த கப்பற்பாதை அன்றோடு முடிந்தது. வான்வெளியிலே ஒரு கண் திறந்த ஆண்டில், அக்கண்ணின் பயன் இன்னும் எட்டாத கரையில் நாம் இருந்தோம்.

இன்று புயற்சின்னம் தோன்றுமுன்னரே அதன் மேகச் சுருளை அந்த உயரத்திலுள்ள கோள்கள் படமெடுத்து அனுப்புகின்றன. கரையிலே வள்ளங்களை ஏற்றிவைக்கும்படி எச்சரிக்கை வருகிறது. வானிலைக் கோள்கள் தனியொருவர் படைப்பல்ல. எனினும் அவை நிற்கின்ற வீதியை நினைக்குந்தோறும், அதன் பயனை இளவயதிலேயே கணித்த அந்த மனிதரை நினையாதிருக்க என்னால் இயலவில்லை.

1975இல் இந்தியா செயற்கைக்கோள் வழியாகக் கிராமங்களுக்குக் கல்வி ஒளிபரப்பு நடத்திப் பார்த்தபோது, இந்தியப் பொறியியலாளர் கொழும்பிலே கிளார்க்கின் இல்லத்திலும் ஒரு பெருங்கிண்ணத்தை அமைத்துக்கொடுத்தனர். இலங்கையிலே தொலைக்காட்சிச் சேவை தொடங்கியது 1979இலேதான். இன்று நம் கூரைகளிலே மலிந்திருக்கும் கிண்ணங்களுக்கு மூத்தது அதுவே எனலாம்.

இரு நாற்காலிகள்

கிளார்க்கின் தளர்ச்சிக்கு மருத்துவர் பெயரிட்ட அதே 1988ஆம் ஆண்டில், இங்கிலாந்துத் தொலைக்காட்சியில் ஓர் உரையாடல் நடந்தது. கலையகத்திலே கிளார்க்கும், பேரண்டத்தை ஆராய்ந்த பேராசிரியர் ஸ்டீவன் ஹாக்கிங்கும் இருந்தனர். அமெரிக்காவிலிருந்து கார்ல் சேகன் செயற்கைக்கோள் வழியே கலந்துகொண்டார். கிளார்க் 1945இல் எழுதிய கனவு, அவர் கண் முன்னாலேயே வேலையாள்போல் பணிபுரிந்தது.

ஹாக்கிங்கின் வரலாற்றைப் பலரும் அறிவர். 1942இற் பிறந்த அவருக்கு 21ஆம் வயதிலே இயக்க நரம்பணு நோய் கண்டது. இரண்டு ஆண்டுகளே உயிர்வாழ்வார் என்று எண்ணப்பட்டவர் 2018ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் நாள் வரை வாழ்ந்தார். கருந்துளையும் கதிர்வீசி மெல்ல மெல்லத் தேயும் என்று 1974இலே காட்டினார். 1985இல் தொண்டையிற் செய்த சத்திரசிகிச்சையாற் குரலை இழந்தார். அதன்பின் கணினியே அவர் குரலாயிற்று. கை செயலற்றபோது கன்னத்துத் தசையின் சிறு அசைவினால் எழுத்தெழுத்தாகத் தெரிந்து பேசினார்.

அவரிடத்தும் நான் வியப்பது வேறொன்று. 2007ஆம் ஆண்டு ஏப்ரலில், 65 வயதிலே, எடையற்ற நிலையை உண்டாக்கும் விமானமொன்றில் அவர் ஏறினார். வீசியெறிந்த கல்லின் பாதையிலே அவ்விமானம் எழுந்து விழும்போது, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 25 விநாடி உள்ளிருப்பவர்களுக்குப் பாரம் இல்லாமற் போகிறது. நாற்காலி இல்லாமல் ஹாக்கிங் அந்தரத்திலே மிதந்தார். அப்பொழுது எடுத்த படத்திலே அவர் முகத்திலுள்ள சிரிப்பைக் கண்டவர் மறக்கமாட்டார். கிளார்க் கடலிலே கண்டதை ஹாக்கிங் ஆகாயத்திலே கண்டார். இருவருடைய உடலும் முன்போலவே இருந்தது. சூழ்ந்திருந்த உலகந்தான் மாறியது.

இருவருமே தனியாக வெல்லவில்லை. பிரித்தானியாவின் தேசிய மருத்துவச் சேவை இல்லாதிருந்தால் தாம் உயிரோடு இருந்திருக்க முடியாதென்று ஹாக்கிங்கே வெளிப்படையாகச் சொன்னார். கிளார்க்குக்குக் கொழும்பிலே தம்மைக் குடும்பத்தில் ஒருவராகப் பேணிய நண்பர் வீடு இருந்தது. கடலுக்குள் இறக்கிவிடக் கைகள் இருந்தன. இவ்வுண்மையை நம் புலவர் மரபு நன்கறியும். இரட்டைப் புலவருள் ஒருவர் முடவர், ஒருவர் குருடர். கண்ணில்லாதவர் தோளிலே காலில்லாதவர் ஏறி வழிகாட்ட, இருவரும் ஊரூராகச் சென்று பாடினார்கள். ஒருவர் பாதிப் பாட்டைத் தொடங்க மற்றவர் முடித்தார் என்பார்கள். தோள் கொடுத்தவர் இல்லையேல் பாட்டு ஏது?

கரையின் குறை

இனி நம் ஊருக்கு வருவோம். போர் நம் மன்னார்ப் பெருநிலத்தின் வயல்களிலும் காடுகளிலும் கண்ணிவெடிகளை விதைத்தது. 2009இல் துப்பாக்கிகள் ஓய்ந்தபின்னும் அவற்றை அகற்றும் வேலை ஆண்டுக்கணக்காக நடந்தது. காலிழந்தவர் இல்லாத கிராமம் அரிது. அவர்களிலே ஒருவர் கடற்றொழிலாளர். முழங்காலுக்குக் கீழே ஒரு கால் இல்லை. நாளும் வள்ளத்திலே போகிறார். "கடலிலே பயமில்லையோ, தம்பி?" என்று ஒரு நாள் கேட்டேன். அவர் சிரித்தார்.

"மாஸ்டர், என்னை நொண்டி எண்டு சொல்லுறது கரைதான். வள்ளத்தில ஏறிக் குந்தீட்டன் எண்டா எனக்கு என்ன குறை? வலை இழுக்கக் கையும் முதுகும் காணும். ஏறுறதும் இறங்கிறதுந்தான் பாடு. அதுக்கு ரெண்டு பொடியள் நிக்கினம்."

கிளார்க்கின் பெயரை அவர் கேட்டதில்லை. ஆயினும் இருவரும் ஒரே சொல்லைத்தான் சொல்கிறார்கள். குறை உடம்பிலே பாதி, கரையிலே பாதி. உடம்பிலுள்ளதை மருத்துவன் பார்க்கட்டும். கரையிலுள்ளதை யார் பார்ப்பது?

எறிகணையினால் ஒரு கால் செயலற்ற மாணவி ஒருத்தியை எனக்குத் தெரியும். விஞ்ஞானத்திலே கூர்மையான புத்தி. ஆய்வுகூடமோ மாடியிலே. தோழியர் இருவர் கை கோத்துப் பல்லக்குபோல் அவளைத் தூக்கிக்கொண்டு படியேறுவார்கள். அந்த இருவரும் வந்த நாளிலே அவள் அமிலத்தையும் காரத்தையும் அளந்தாள். வராத நாளிலே கீழ்த்தளத்து வாங்கிலிருந்து, மேலே கண்ணாடிக் குழாய்கள் கிணுங்கும் ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். எந்தச் சூத்திரமும் அவளைத் தடுக்கவில்லை. இருபத்திரண்டு படிகள் தடுத்தன.

சட்டம் இல்லாமலில்லை. வலுவிழந்தோரின் உரிமைகளைக் காக்க 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பொதுக் கட்டடங்களிலே அவர்கள் தடையின்றிப் புகுவதற்கான விதிகள் 2006இல் வந்தன. ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை 2016இல் இலங்கை உறுதிசெய்தது. எழுத்திலே உள்ள இவற்றைச் சிமெந்தாலும் மணலாலும் எழுதுவதுதான் பாக்கி. வாசலிலே ஒரு சரிவுப் பாதை. கீழ்த்தளத்திலே ஓர் ஆய்வுகூடம். நாற்காலியின் சக்கரம் புதையாத உறுதியான நடைபாதை. இறங்குதுறையிலே பிடித்து ஏற ஒரு கைப்பிடி. வான்வெளிக்குக் கோள் செலுத்துவதோடு ஒப்பிட்டால் இவை எத்துணைச் சிறிய காரியங்கள்!

சாய்வுப் பாதையும் மின்தூக்கியும் கேட்பவரை ஆடம்பரம் வேண்டுகிறவர் என்று கருதுவோர் உளர். கிளார்க் 1979இல் வெளியிட்ட 'சுவர்க்கத்தின் ஊற்றுகள்' என்ற நாவலிலே, இலங்கையைப் போன்ற ஒரு தீவின் மலையுச்சியிலிருந்து வான்வெளி வரைக்கும் ஒரு மின்தூக்கியைக் கற்பனை செய்தார். நமக்கு அவ்வளவு வேண்டாம். ஒரு மாடி ஏறினாற் போதும்.

மூன்றாவது விருப்பம்

2007ஆம் ஆண்டு டிசம்பரிலே தமது தொண்ணூறாவது பிறந்தநாளில் கிளார்க் மூன்று விருப்பங்களைக் கூறினார். வேற்றுலக உயிர்களுக்கு ஏதேனும் சான்று கிடைக்கவேண்டும் என்பது முதலாவது. எண்ணெயை நம்பியிருக்கும் வழக்கம் ஒழிந்து மாசற்ற சக்தி பெருகவேண்டும் என்பது இரண்டாவது. மூன்றாவது, தாம் வாழ்ந்த இலங்கையிலே நிலையான சமாதானம் உண்டாகவேண்டும் என்பது. அண்டமெல்லாம் அளந்த மனம் கடைசியில் நம் தீவின்மீது வந்து இறங்கியது.

2008ஆம் ஆண்டு மார்ச் 19ஆம் நாள் அவர் கொழும்பிலே காலமானார். அந்நாட்களிலே மன்னார்ப் பகுதியிற் போர் மடுவை நெருங்கிக்கொண்டிருந்தது. அடுத்த மாதம் மடு அன்னையின் திருச்சொரூபமே இடம்பெயர நேர்ந்தது. கொழும்புப் பொது மயானத்திலே அவரை அடக்கம் செய்த வாரத்தில், மூன்றாவது விருப்பம் எவ்வளவு தூரத்திலே இருந்தது என்பதை எங்களைவிட நன்கறிந்தவர் எவர்?

துப்பாக்கி ஓய்ந்தது ஒரு பகுதி. போரினால் உடலுறுப்பை இழந்தவன் மற்றவர் தோளை எதிர்பாராமல் பாடசாலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கச்சேரிக்கும் கோயிலுக்கும் போய்வருதல் மற்றொரு பகுதி. அதுவும் நிறைவேறும்வரை சமாதானம் முழுமையாக வந்துவிட்டதென்று சொல்ல என் நா எழவில்லை.

கிளார்க்குக்குச் சிலை வைக்கவேண்டுமென்று அன்பர் சிலர் சொல்வதுண்டு. சிலையை நிறுத்தப் பீடமும், பீடத்துக்கு ஏறப் படிகளும் கட்டுவார்கள். அந்தச் சிமெந்தைக் கொண்டு மன்னாரிலே ஏதேனும் ஒரு பாடசாலை வாசலிலே ஒரு சரிவுப் பாதை போட்டுவிட்டால், பெயர் பொறிக்காவிட்டாலும் அது அவருடைய நினைவாகவே இருக்கும். ஒரு சக்கர நாற்காலி அதிலே தடங்கலின்றி ஏறிப்போகட்டும். உள்ளே போகிற பிள்ளை எந்த வீதியை அளந்து சொல்லும் என்று யார் கண்டது?